மாமியாரின் பூனையும் என் மூக்கும்

எனக்குப் பூனைகளை மிகவும் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விசாரணைக் குழுவில் இருக்கும் மூவருமே என்னைப் பூனைகளின் ஜென்ம விரோதி என்று முடிவு கட்டிக்கொண்டு வந்திருப்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அது சரியல்ல. பூனை கண்ணியமான பிராணி. தேவையில்லாமல் பேசாது. நாம் பேனாவைப் பிடிக்கும் விதத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாது.

நடந்ததை நடந்தபடியே சொல்லும்படி குழுத் தலைவி கேட்டுக்கொண்டார். சொல்கிறேன். எனக்கு மறைக்க எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

நான் நோய் எதிர்ப்பியல் படித்தவன். நம் உடம்பு எதைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்கிறது, எதை அந்நியம் என்று விரட்டுகிறது, இதுதான் எங்கள் துறையின் சாரம். உள்ளே நுழைந்த அந்நியரிடம் உடம்பு தாட்சண்யம் பார்ப்பதில்லை. வீங்கும், அரிக்கும், மூக்கு ஒழுகும், தும்மும். வந்தவர் போகும்வரை ஓயாது. அந்தத் தெளிவின் மீது எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

பூனை விவகாரத்துக்கு முன்னால், எலியின் மண்ணீரலில் சுரக்கும் ஒரு புரதத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தேன். அந்தப் புரதத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். அதில் மற்றவர் ஓய்வு பெற்றுவிட்டார். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. காலையில் ஆய்வுக்கூடம், மாலையில் வீடு, ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி, கையில் செய்தித்தாள். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

அப்போதுதான் மாமனார் காலமானார். என் மனைவி பல் மருத்துவர், வீட்டுக்கு ஒரே மகள். அம்மாவைத் தனியாக விட முடியாது, நம்மோடு வைத்துக்கொள்ளலாம் என்றாள். உடனே சம்மதித்தேன். முழு மனதோடு சம்மதித்ததாகத்தான் நினைவு.

என் மாமியார் ஒரு பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளி அவரை விட்டாலும் அவர் பள்ளியை விடவில்லை. தான் வளர்த்த கொழுத்த மஞ்சள் பூனைக்கு ‘மானிட்டர்’ என்று பெயர் வைத்திருந்தார். இருந்து பழகிப் பார்க்கலாம் என்று ஒரு வார இறுதிக்கு மானிட்டரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் வாசலில் கிடந்த செருப்புகளை அளவு வாரியாக அடுக்கினார். மேசை மேல் இருந்த என் ஆய்வுக் கட்டுரையை எடுத்துச் சிவப்புப் பேனாவால் பிழை திருத்தினார். ஓரத்தில் ‘கையெழுத்தில் கவனம் தேவை’ என்று எழுதினார். கட்டுரை தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. கையெழுத்து என்று அதில் இருந்தது என் கையொப்பம் மட்டும்தான். பிறகு போய் என் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். மானிட்டர் என் செய்தித்தாளின் மேல் படுத்துக்கொண்டது.

நான் தும்மினேன்.

அந்தத் தும்மல் உண்மையானது. அத்தையின் பெட்டியைப் பரண் மேல் ஏற்றும்போது பறந்த தூசியாக இருக்கலாம். ஆனால் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, “ஏங்க, உங்களுக்குப் பூனை ஒத்துக்கலையோ?” என்று கேட்டாள்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு முறை தும்மினேன், அவ்வளவுதான்.

மானிட்டரை விட்டுவிட்டு எங்கும் வர முடியாது என்றும், மாப்பிள்ளையின் மூக்கைப் பாழாக்கிக்கொண்டு இங்கே இருக்கவும் மனம் வரவில்லை என்றும் சொல்லிவிட்டு அத்தை மறுநாளே தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மனைவி அழுதாள். நான்தான் கண்ணீரைத் துடைத்துவிட்டேன். நாற்காலி அன்றைக்கே காலியாகிவிட்டது.

தும்முவது சுலபம் என்று நினைப்பவர்கள் முயன்று பார்த்திருக்க மாட்டார்கள். விடுமுறைக்கு விடுமுறை நாங்கள் அத்தை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் வெளிச்சத்தைப் பார்ப்பேன், நாக்கு நுனியால் மேலண்ணத்தைச் சுரண்டுவேன். நாளாக ஆக அதெல்லாம் தேவைப்படவில்லை. அத்தை வீட்டுத் தெரு முனை திரும்பினாலே மூக்கு தயாராகிவிடும். கண்ணும் சிவக்கும். ஒரு விஞ்ஞானியாக இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சிக்கலை ஆரம்பித்து வைத்தது என் மனைவிதான். நல்ல எண்ணத்தோடுதான். “ஊர்ல இருக்கிற எலிக்கெல்லாம் ஆராய்ச்சி பண்றீங்க, உங்க மூக்குக்கு ஒண்ணு பண்ணக் கூடாதா?” என்றாள். நான் சிரித்து மழுப்பினேன். அவள் அதோடு விடாமல், ஒரு விருந்தில் எங்கள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரிடமே சொல்லிவிட்டாள். தன் துன்பத்தையே ஆராய்ச்சியாக்கும் விஞ்ஞானி என்ற எண்ணம் இயக்குநரின் மனதைத் தொட்டுவிட்டது. எலியின் மண்ணீரல் யாருடைய மனதையும் தொட்டதில்லை. அடுத்த கூட்டத்திலேயே அறிவித்துவிட்டார். எனக்கு உதவியாக மூலக்கூறு உயிரியலில் தேர்ந்த ஒரு பெண் ஆய்வாளரையும் நியமித்தார். எங்கள் கட்டடத்தில் அவரை ‘எறும்பு’ என்று கூப்பிடுவார்கள். ஒரு வேலையை எடுத்தால் சுமந்துகொண்டே போவார். குறுக்கே எதை வைத்தாலும் சுற்றிக்கொண்டு போவார். அப்போது இதை நான் ஒரு நல்ல குணம் என்றே நினைத்தேன்.

பூனையின் எச்சிலில் ஒரு புரதம் இருக்கிறது. பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது அது ரோமத்தில் ஒட்டும். காய்ந்தால் காற்றில் பறக்கும். சிலருடைய உடம்பு அதை எதிரி என்று எண்ணி எதிர்ப்பொருள் தயாரிக்கும். தும்மலுக்கு அதுதான் காரணம். மனிதருக்கு மருந்து கொடுப்பதைவிடப் பூனைக்கே ஓர் ஊசி போட்டு அந்தப் புரதத்தை அதன் உடம்புக்குள்ளேயே அடக்கிவிட்டால் என்ன? இந்த யோசனை என்னுடையது. இயக்குநரிடம் எதையாவது சொல்லி வைக்க வேண்டுமே என்று சொன்னேன். என் வாழ்நாளில் எனக்குத் தோன்றிய ஒரே நல்ல யோசனை அது என்று பிறகு தெரிந்தது. அது தவறான நேரத்தில் வந்துவிட்டது.

எறும்பு முதலில் ஒரு ரத்தப் பரிசோதனையை உருவாக்கினார். சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் பூனைப் புரதத்தைப் பூசி, அதில் ஒருவருடைய ரத்த நீரை விட வேண்டும். பூனை ஒத்துக்கொள்ளாதவராக இருந்தால் குழி மஞ்சளாகும். மற்றவருக்கு நிறமே வராது. ஒவ்வொரு தட்டிலும் கட்டாயம் மஞ்சளாகியே தீர வேண்டிய ரத்தம் ஒன்றும் இருக்க வேண்டும். அது மஞ்சளாகாவிட்டால் பரிசோதனையே பழுது என்று பொருள். தட்டைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

“சார், இந்தக் கட்டடத்துலயே பெரிய தும்மல் உங்களுதுதான். உங்க ரத்தத்தையே எடுத்துக்கறேன்” என்றார் எறும்பு.

எப்படி மறுப்பது? சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் குழி மஞ்சளாகவில்லை. பரிசோதனைக்கு வந்த வேறு சிலருடையது மாம்பழம்போல மஞ்சளாகியது. என்னுடையது தெளிந்த தண்ணீர்போல இருந்தது. எறும்பு நேர்மையானவர். தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி செய்தார். புரதத்தை மாற்றினார், சாயத்தை மாற்றினார், தண்ணீரை மாற்றினார். குளிர்பதனப் பெட்டியில் கோளாறு என்று அதையும் மாற்ற வைத்தார். ஒரு முழுக் கோடையும் மழைக்காலமும் இப்படியே போயின. தன் அக்காவின் வளைகாப்புக்குக்கூட அவர் போகவில்லை. குழந்தை பிறந்து, அது தவழ ஆரம்பித்த பிறகுதான் போய்ப் பார்த்தார். அத்தனை நாளும் நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, பொறுமையை விடக் கூடாது, அறிவியல் என்றால் அப்படித்தான் என்று ஊக்கப்படுத்திக்கொண்டே இருந்தேன். தினமும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். இதையும் குழு கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல்தான் ஒருநாள் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னேன்: எதிர்ப்பொருளே இல்லாமல் தும்முகிற மனிதர்களும் இருக்கலாம் அல்லவா? எறும்பு கையிலிருந்த பிப்பெட் குழாயைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த மரியாதையை நான் இன்னும் மறக்கவில்லை.

இப்படித்தான் ‘எதிர்ப்பொருளற்ற பூனைத் தும்மல்’ என்ற புதிய நோய் உலகத்துக்கு அறிமுகமானது. கட்டுரை வெளிவந்தது. கருத்தரங்குகளுக்கு அழைத்தார்கள். தங்களுக்கும் அந்த நோய் இருக்கிறது என்று பல இடங்களிலிருந்தும் ஆட்கள் புறப்பட்டு வந்தார்கள். ஒருநாள் அவர்களில் சிலரை ஒரே அறையில் சந்தித்தேன். அண்ணன் வீட்டு நாயைக் கண்டால் மட்டும் மூச்சு முட்டும் ஒருவர். நாத்தனார் கிளியோடு வந்தால் மட்டும் உடம்பெல்லாம் தடித்துப்போகும் ஒரு பெண்மணி. மேலதிகாரி வீட்டு முயலால் அவதிப்படும் ஒரு கணக்காளர். ரத்தத்தில் யாருக்கும் எதுவும் இல்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்து மெல்லத் தலையசைத்துக்கொண்டோம். யாரும் விளக்கம் கேட்கவில்லை. அதுபோன்ற புரிதலை நான் வேறெங்கும் உணர்ந்ததில்லை.

இத்தோடு நின்றிருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் எறும்பு நிற்கவில்லை. உறுதியாக மஞ்சளாகிற ரத்தம் வேண்டும் என்று வேறொருவரைக் கண்டுபிடித்தார். ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். அவர் மனைவியின் பூனை படுக்கையறையில் தூங்கும். அவர் பால்கனியில் பாய் விரித்துப் படுப்பார். மனைவியையும் விட முடியாது, பூனையையும் விட முடியாது என்ற நிலை. அவர் ரத்தம் தட்டையே மஞ்சள் குளிக்க வைத்தது. அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஊசி மருந்து தயாராகி, முதல் சுற்றில் சில பூனைகளுக்குப் போட்டார்கள். பூனைகளின் எச்சில் சுத்தமானது. நடத்துநர் பால்கனியிலிருந்து படுக்கையறைக்குக் குடிபெயர்ந்தார். அந்த மகிழ்ச்சியில் எறும்பின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் கண் கலங்கினேன். மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டாம் சுற்றுக்கு நிறையப் பூனைகள் தேவைப்பட்டன. என் மனைவி எனக்குத் தெரியாமல் மானிட்டரின் பெயரைக் கொடுத்துவிட்டாள். எங்கள் திருமண நாளுக்கு அவள் எனக்குத் தந்த பரிசு அது. வீட்டில் ஓர் அறையை ஒழித்து, அத்தைக்குப் பிடித்த இளம்பச்சை வண்ணமும் அடித்தாகிவிட்டது. என் சாய்வு நாற்காலிக்குப் புது மெத்தை போட்டிருந்தாள். அத்தையின் முதுகுக்கு ஏற்ற மாதிரி.

உப்புநீர் விஷயத்துக்கு வருகிறேன். உறைபெட்டியின் சாவி எறும்பிடமும் என்னிடமும் மட்டுமே இருந்தது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். பட்டப்பகல். ஜன்னல் திறந்திருந்தது. குப்பிகளில் இருந்த மருந்தைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு, ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் சாதாரண உப்புநீரை நிரப்பினேன். லேபிளில் நான் கை வைக்கவில்லை. போலி லேபிள் ஒட்டியதாகக் குற்றச்சாட்டில் இருக்கிறது, அதை நீக்கிவிடக் கேட்டுக்கொள்கிறேன். லேபிள்கள் அசல்.

ஒரு பூனைக்காக ஏன் எல்லாக் குப்பிகளையும் மாற்றினீர்கள் என்று தலைவிக்குப் பக்கத்தில் இருப்பவர் கேட்டார். நியாயமான கேள்வி. எந்தக் குப்பி எந்தப் பூனைக்கு என்பது ரகசியக் குறியீட்டில் இருந்தது. ஆகவே எல்லாவற்றையும் மாற்றுவதுதான் நேர்மை. ஒரு பூனைக்கு மருந்து, இன்னொரு பூனைக்கு உப்புநீர் என்று பாரபட்சம் பார்ப்பது எனக்குப் பழக்கமில்லை.

உப்புநீர் யாருக்கும் கெடுதல் செய்யாது. பூனைகள் நலமாக இருந்தன. மனிதர்கள்தான் தும்மினார்கள். இனி ஒன்றும் ஆகாது என்று நம்பிப் பூனையைக் கட்டிக்கொண்டு தூங்கியவர்கள் கண் இமை வீங்கி, பார்வை தெரியாமல் தடவிக்கொண்டு வந்தார்கள். நடத்துநரின் பூனைக்கும் இரண்டாம் ஊசி உப்புநீர்தான். அவர் மூச்சுத் திணறி இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு மறுபடி பால்கனிக்குப் போனார். மழைக்காலம். நான் அவருக்கு நல்ல தார்ப்பாய் ஒன்று வாங்கி அனுப்பினேன்.

மருந்து தோற்றுவிட்டது என்று நானே அறிக்கை எழுதினேன். எறும்பு என் அறைக்கு வந்து, ஆராய்ச்சியே வேண்டாம், அக்காவின் தையல் கடையில் சேர்ந்துகொள்கிறேன் என்றார். அதுவும் நுணுக்கமான தொழில்தான், உங்களைப்போலப் பொறுமைசாலிக்கு ஏற்றது என்று ஆறுதல் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

போவதற்கு முன் மேசையைச் சுத்தம் செய்தவர், மிச்சமிருந்த ஒரு குப்பியைத் தூக்கிப் போடாமல் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார். மருந்தின் சுவடே இல்லை. எதையும் சுற்றிக்கொண்டு போகிற குணம் என்று சொன்னேனே, அதுதான்.

அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கடைசியாக ஒரே ஒரு சோதனை, உங்கள் நோயைப் பற்றிய படம் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றார். சம்மதித்தேன். கண்ணாடித் தடுப்பு வைத்த சின்ன அறை. நடுவில் மேசை, அதன் மேல் துணி போட்டு மூடிய ஒரு கூடை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர், என் மனைவி, அத்தை. கூடையை அத்தைதான் கொண்டுவந்து வைத்தார். நான் உட்கார்ந்ததும் தும்மல் வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணில் நீர் வழிந்தது, மூக்கு ஒழுகியது, கழுத்தில் தடிப்புகூட வந்தது. என் வாழ்க்கையிலேயே அதுதான் சிறந்த தும்மல் என்று சொல்லலாம். இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார்.

எறும்பு உள்ளே வந்து கூடைத் துணியை விலக்கினார்.

“சார், இதுல துண்டு மட்டும்தான் இருக்கு. மானிட்டர் காலையிலேர்ந்து உங்க ரூம்லதான் தூங்கிட்டிருக்கு, உங்க நாற்காலிக்குக் கீழ. நீங்க பேப்பர் படிச்சப்ப உங்க கால் மேலதான் தலையை வெச்சிருந்துச்சு.”

பாதத்தில் இதமாக ஏதோ இருந்தது நினைவுக்கு வந்தது. வெயில் என்று நினைத்திருந்தேன்.

என் மனைவி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். பல் மருத்துவர்கள் பேசாமல் பார்க்கும் பார்வை எப்படி இருக்கும் என்று நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்தவர்களுக்குத் தெரியும். அத்தைதான் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். சிவப்புப் பேனா இல்லாமல் அவரை அவ்வளவு அருகில் பார்ப்பது அதுவே முதல் தடவை.

“மாப்பிள்ளை, வர வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எனக்கு மட்டும் உங்க வீட்டுக்கு வரணும்னு ஆசையா என்ன? நான் பாட்டுக்கு என் வீட்டுல நிம்மதியா இருக்கேன். வரமாட்டேன்னு நேரா சொன்னா இவ அழுவாளேன்னுதான், பூனையை விட்டுட்டு வர முடியாதுன்னு சொல்லிட்டிருந்தேன். அந்தப் பூனைகூட பக்கத்து வீட்டுக்காரங்க ஊரை விட்டுப் போறப்ப விட்டுட்டுப் போனதுதான். நீங்க தும்மினப்ப, கடவுளா பார்த்து உங்க மூக்குல வந்து உட்கார்ந்தார்னு நெனச்சேன்” என்றார்.

பிறகு கொஞ்சம் யோசித்து, “அந்த இளம்பச்சை எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது” என்றும் சொன்னார்.

அத்தனை வருடங்களில் நாங்கள் இருவரும் மனம்விட்டுப் பேசிக்கொண்டது அன்றுதான். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அவருக்கும் அப்படியே என்று நினைக்கிறேன். எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்த என் மனைவி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்த இளம்பச்சை அறையில் இப்போது அவள்தான் இருக்கிறாள், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. அம்மாவிடமும் பேசுவதில்லை, என்னிடமும் பேசுவதில்லை. அத்தையிடமிருந்து தூக்கிக்கொண்டு வந்த மானிட்டரை மட்டும் உள்ளே விடுகிறாள்.

ஆராய்ச்சி இனி எறும்பின் பொறுப்பில் நடக்கும் என்று இயக்குநர் அறிவித்துவிட்டார். நல்ல முடிவு. மருந்தைப் புதிதாகத் தயாரித்து மீண்டும் போட்டிருக்கிறார். நடத்துநர் உள்ளே படுக்கிறாராம். தார்ப்பாயைத் திருப்பி அனுப்பிவிட்டார், ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆகவே முதல் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன். மருந்தைக் கொட்டியதும் உப்புநீரை நிரப்பியதும் நான்தான். அது தெரிந்தே அறிக்கை எழுதியதும், ஒரு நல்ல ஆய்வாளரைத் தையல் கடை வாசல்வரை அனுப்பியதும் நான்தான். எங்கே கையொப்பம் போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன்.

ஆனால் இரண்டாவது குற்றச்சாட்டை, அதாவது எனக்கு ஒவ்வாமையே இல்லை, நான் கண்டறிந்த நோய் வெறும் கற்பனை என்பதை, ஒரு விஞ்ஞானியாக என்னால் ஏற்க முடியாது. கூடையில் பூனை இல்லை என்பது உண்மை. ஆனால் சோதனை முறையாக நடக்கவில்லை. அதில் இருந்த துண்டு யாருடையது என்று யாருமே கேட்கவில்லை. நான் விசாரித்துவிட்டேன். அது என் மாமியாருடையது.